கம்பி இழுக்காமல் கணனிக்கு இணையம்: வை-ஃபை அடப்டர் பொருத்தும் முறை

பன்விலையிலிருந்து ஹுலுகங்கைக்கும் மடுல்கலைக்கும் போகிற பாதைகளில் சில வளைவுகள் உண்டு. மாலை வேளைகளில் அவ்விடங்களில் நாலைந்து பேராவது கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்தபடி நிற்பதைக் காணலாம். "சிக்னல்" அங்கேதான் கிடைக்கும். இரண்டு அடி தள்ளி நின்றால் கிடைக்காது. மலை மறைத்துவிடும். 2021 ஆம் ஆண்டில் கொரோனா காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது, பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவ என்னும் கிராமத்தில் ஆசிரியரும் பிள்ளைகளும் காட்டு வழியே நடந்து, பாறை உச்சிக்கு ஏறி அங்கிருந்துதான் பாடங்களை இறக்கிக்கொண்டார்கள். இச்செய்தி அப்போது உலகப் பத்திரிகைகளிலெல்லாம் வந்தது. மலைநாட்டில் வாழும் நமக்கு அது செய்தியே அல்ல.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இந்த விடயம் இன்னொரு வகையில் முக்கியமானது. விக்டோரியா நீர்த்தேக்கம் 1980களின் நடுப்பகுதியில் நிரம்பி, பழைய தெல்தெனியா நகரமும் அதைச் சுற்றியிருந்த வயல்களும் நீருக்குள் போனபோது, யாருக்கு எங்கே காணி என்ற விபரம் அலுவலகத்துச் சுவரில் ஒட்டிய தாளிலோ கிராம சேவகரின் வாயிலோதான் இருந்தது. இன்று அப்படியல்ல. நிவாரணப் பதிவு, பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு, விண்ணப்பப் படிவம், மண்சரிவு எச்சரிக்கை என யாவும் முதலில் இணையத்தில்தான் வருகின்றன. 2023 இல் ஆரம்பமான அஸ்வெசும கொடுப்பனவின் விபரங்கள்கூட கணனித் தரவுத் தொகுதியிலேயே வைக்கப்பட்டுள்ளன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையும் மண்சரிவுகளும் கண்டி மாவட்டத்தை உலுக்கிய பின்னர், வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் விட்டு வந்த பலர் கையில் இருப்பது ஒரு கைத்தொலைபேசி மாத்திரமே. அதன் சின்னத் திரையில் நான்கு பக்கப் படிவம் ஒன்றை நிரப்பிப் பார்த்தவர்களுக்கே அதன் கஷ்டம் தெரியும். பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தால் பிறகு அதைத் திருத்த எத்தனை நாட்கள் அலைய வேண்டும்!

ஆகவேதான் பல இடங்களில் பொது மண்டபத்துக்கோ முன்பள்ளிக்கோ யாராவது ஒருவர் பழைய மேசைக் கணனி ஒன்றைக் கொடுத்துவிடுகிறார்கள். நல்ல காரியம். ஆனால் பெரும்பாலான பழைய மேசைக் கணனிகளில் வை-ஃபை கிடையாது. அவை கம்பி மூலம் இணைக்கப்படுவதற்காகச் செய்யப்பட்டவை. இணையப் பெட்டியோ, அதாவது ரவுட்டரோ, நாற்பது அடி தள்ளி இன்னொரு கட்டடத்தில் இருக்கும். கம்பி இழுக்க முற்றத்தில் குழி வெட்ட வேண்டும், அல்லது மரத்துக்கு மரம் கட்ட வேண்டும். மின்னல் காலத்தில் மரத்தில் கட்டிய கம்பி கணனிக்கு எமன். இந்நிலையில் கணனி ஒரு தட்டச்சு இயந்திரம் போல மூலையில் கிடக்கிறது. இதற்கு மாற்று, சிறு விரல் அளவான ஒரு பொருள். அதன் பெயர் வை-ஃபை அடப்டர்.

அது என்ன செய்கிறது?

அடப்டர் என்பது வேறொன்றுமல்ல, பேசவும் கேட்கவும் தெரிந்த ஒரு சின்ன வானொலி. நாம் வீட்டில் வைத்திருக்கும் வானொலி கேட்க மட்டும் செய்யும். இதுவோ ரவுட்டர் சொல்வதைக் கேட்டுக் கணனிக்குச் சொல்லும், கணனி சொல்வதை ரவுட்டருக்கு அனுப்பும். தீவுகளுக்கிடையே கணனிகளை வானொலி அலையால் இணைக்கலாம் என்பதை 1971 இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் செய்து காட்டினார்கள். 1985 இல் அமெரிக்கா சில அலைவரிசைகளை உரிமம் இல்லாமலே பாவிக்கத் திறந்துவிட்டது. 1997 இல் எல்லாக் கம்பனிகளும் ஒரே விதமாகப் பேசுவதற்கான நியமம் வந்தது. வை-ஃபை என்ற பெயர் அதற்கும் பின்னர் 1999 அளவில் வந்ததுதான்.

இங்கே ஒரு விடயத்தை நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். இது விளங்காதபடியால்தான் பலர் கடைக்கும் வீட்டுக்குமாக அலைகிறார்கள். இணையம் நமது கணனிக்கு வருவது இரண்டு பயணங்களாக. முதலாவது, மலைமேலுள்ள கோபுரத்திலிருந்து, அல்லது வீதியோரக் கம்பியிலிருந்து, ரவுட்டர் வரை. இரண்டாவது, ரவுட்டரிலிருந்து கணனி வரை. அடப்டருக்குச் சம்பந்தம் இருப்பது இரண்டாவது பயணத்தோடு மட்டுமே. கணனியின் மூலையில் வை-ஃபை அடையாளம் முழுதாக நிரம்பித் தெரிந்தால், ரவுட்டர் வரைக்கும் பாதை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு அப்பால் பாதை இருக்கிறதா என்று அந்த அடையாளம் சொல்லாது. வட்டேகம வரை பஸ் ஓடுகிறது என்பதற்காகப் பன்விலைக்கும் ஓடுகிறது என்று சொல்லிவிட முடியுமா? ஆதலால் அடப்டர் வாங்க முன்னர், ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று ஒரு கைத்தொலைபேசியை அதனோடு இணைத்து, தொலைபேசியின் சொந்த டேட்டாவை நிறுத்திவிட்டு, ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கேயே திறக்கவில்லையானால் எத்தனை விலை கொடுத்து அடப்டர் வாங்கினாலும் பயனில்லை. ரவுட்டரைக் கோபுரத்தை நோக்கிய யன்னலுக்கு மாற்ற வேண்டும்.

பிறகு அதே தொலைபேசியோடு கணனி இருக்கும் மேசைக்கு நடந்து வாருங்கள். அங்கும் பக்கம் திறந்தால் அடப்டர் வேலை செய்யும் என்று பெரும்பாலும் நம்பலாம். இந்தச் சோதனைக்குச் செலவு எதுவுமில்லை.

எதை வாங்குவது?

அடப்டர் இரண்டு வகை. ஒன்று கணனிப் பெட்டியைத் திறந்து உள்ளே செருகும் அட்டை. மற்றது வெளியே யூ.எஸ்.பி. துவாரத்தில் செருகுவது. அட்டை உறுதியானது, வேகமானது. ஆனால் பெட்டியைத் திறக்க வேண்டும், மின்சாரத்தைக் கழற்ற வேண்டும், சரியான துவாரம் இருக்க வேண்டும். பொது மண்டபத்துக்கு யூ.எஸ்.பி. வகையே போதும். கணனி பழுதானால் கழற்றி இன்னொன்றில் செருகிக்கொள்ளலாம்.

யூ.எஸ்.பி. அடப்டர்களில் விரல் நகம் அளவானவையும் உண்டு, வால்போல அன்டெனா நீட்டிக்கொண்டிருப்பவையும் உண்டு. ஒரே மேசையில் ரவுட்டர் இருந்தால் சின்னது போதும். சுவர் தாண்ட வேண்டுமானால் அன்டெனா உள்ளதையே வாங்குங்கள். சின்னதை வாங்கிவிட்டுப் பிறகு வருந்தியவர்களை நிறையக் கண்டிருக்கிறேன்.

அடுத்தது அலைவரிசை. வை-ஃபை முக்கியமாக இரண்டு அலைவரிசைகளில் இயங்குகிறது: 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ். முதலாவதன் அலை நீளம் ஏறக்குறைய பன்னிரண்டு சென்ரிமீற்றர், இரண்டாவதன் அலை அதில் பாதியளவு. 5 இல் வேகம் அதிகம், ஆனால் சுவரைத் தாண்ட அது சிரமப்படும். 2.4 மெதுவானது, தூரம் போகும். மலிவான அடப்டர்களில் பல 2.4 ஐ மட்டுமே கேட்கும். உங்கள் ரவுட்டர் 5 இல் மட்டும் பேசும்படி வைக்கப்பட்டிருந்தால், அந்த அடப்டருக்கு ரவுட்டரின் பெயரே தெரியாது. "தொலைபேசியில் பெயர் வருகிறது, கணனியில் வரவில்லை" என்று சொல்பவர்களின் பிரச்சினை அநேகமாக இதுதான். இரண்டையும் கேட்கக்கூடிய "டுவல் பேண்ட்" அடப்டருக்குச் சற்று அதிகம் செலவாகும். கிடைத்தால் அதையே எடுங்கள்.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வேகத்தைக் கண்டு மயங்கவேண்டாம். 300 என்றும் 600 என்றும் 1300 என்றும் போட்டிருப்பார்கள். அது ஆய்வுகூடக் கணக்கு. நமது ரவுட்டருக்குக் கோபுரத்திலிருந்து வருவதே 10 அல்லது 20 என்றால், அடப்டர் 1300 ஆக இருந்து என்ன? அகன்ற வாய்க்கால் வெட்டினால் மட்டும் குளத்தில் இல்லாத தண்ணீர் வந்துவிடாது.

பெட்டியில் பார்க்க வேண்டியது வேறொன்று. உங்கள் கணனியில் எந்த விண்டோஸ் இருக்கிறதோ அது அங்கே எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய கணனிகளில் விண்டோஸ் 7 அல்லது 10 இருக்கும். விண்டோஸ் 10 க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் பொதுவில் நிறுத்திவிட்டது. அதன் பிறகும் கணனி வேலை செய்யும். ஆயினும் விண்டோஸ் 7 உள்ள கணனியை இணையத்தில் இணைப்பது கதவில்லாத வீட்டில் உறங்குவது போன்றது. அப்படியான கணனிக்கு, கணனி தெரிந்த இளைஞர் ஒருவரைப் பிடித்து லினக்ஸ் போட்டுக்கொள்வது நல்லது. அதற்கும் காசு கிடையாது. லினக்ஸ் போடுவதானால், எந்த அடப்டர் அதில் உடனே வேலை செய்யும் என்று அவரிடமே கேட்டு வாங்குங்கள். எல்லாம் செய்வதில்லை.

பொருத்துவோம்

யூ.எஸ்.பி. அடப்டரைச் செருக, கணனியை நிறுத்த வேண்டியதில்லை. முன்பக்கத் துவாரங்களைத் தவிர்த்துப் பின்பக்கத்தில் செருகுங்கள். பழைய பெட்டிகளின் முன்பக்கத் துவாரங்கள் உள்ளே ஒரு நீண்ட வயரால் இணைக்கப்பட்டவை. தளர்ந்து, தூசி அடைத்து, போதிய மின்சாரம் தராமல் இருக்கும். ஒருமுறை செருகியதும் அரை நிமிடம் பொறுத்திருங்கள். விண்டோஸ் 10 அல்லது 11 ஆக இருந்தால், அது பல அடப்டர்களைத் தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும். திரையின் வலப்பக்கக் கீழ் மூலையில் விசிறிபோன்ற வை-ஃபை அடையாளம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வராவிட்டால்? இங்கேதான் டிரைவர் என்ற சொல்லைச் சந்திக்கிறோம். டிரைவர் என்பது அடப்டருக்கும் கணனிக்கும் நடுவே நிற்கும் மொழிபெயர்ப்பாளர். அடப்டரில் உள்ள சில்லு சொல்வதைக் கணனிக்கு விளங்கும்படி சொல்லும் சிறு மென்பொருள் அது. அது இல்லாவிட்டால் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

எமக்கு நேர்ந்ததையே சொல்கிறேன். பெயர் சொல்லாத ஒரு கடையில் ஓர் அடப்டர் வாங்கி வந்தோம். பெட்டிக்குள் சின்ன இறுவட்டு ஒன்றும் இருந்தது. நமது கணனியில் இறுவட்டுப் போடும் இடமே இல்லை! சரி, இணையத்திலிருந்து டிரைவரை இறக்கலாம் என்றால், இணையம் வருவதற்காகத்தானே இந்த அடப்டரே. சாவி பூட்டுக்குள் இருக்கிறது. அன்று மாலைக்குள் ஒரு தாய் தன் மகனின் விண்ணப்பத்தை அனுப்ப வேண்டியிருந்தது. அவர் வாசலில் நின்றுகொண்டு, "தம்பி, சரி வருமா, இல்லாட்டி நான் டவுனுக்கு ஓடட்டுமா? கடைசி பஸ் ஆறு மணிக்கு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவரைத் தாமதிக்க வைப்பது சரியல்ல என்று போகச் சொல்லிவிட்டோம். அவர் போய்ச் சேர்ந்து அனுப்பிவிட்டார். பஸ்ஸுக்கும் கடைக்கும் சேர்த்து ஒரு நாள் கூலியில் பாதி போயிற்று. அவர் சென்ற இருபதாவது நிமிடத்தில் வழி தெரிந்தது.

வழி இதுதான். அண்ட்ரொய்ட் கைத்தொலைபேசியை, மின்னூட்டும் அதே யூ.எஸ்.பி. வயரால் கணனியோடு இணையுங்கள். தொலைபேசியின் செட்டிங்ஸில் ஹொட்ஸ்பொட் பகுதிக்குள் "யூ.எஸ்.பி. டெதரிங்" என்று ஒன்று உண்டு. அதை இயக்குங்கள். உடனே கணனி அந்தத் தொலைபேசியைக் கம்பி இணைப்பாக எடுத்துக்கொள்ளும். வயர் மின்னூட்ட மட்டும் செய்யும் மலிவான வயராக இருந்தால் ஒன்றும் நடக்காது. வேறு வயரை மாற்றிப் பாருங்கள். கணனிக்கு இணையம் கிடைத்ததும், செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட்டுக்குள் போய்ப் புதியவற்றைத் தேடச் சொல்லுங்கள். பெரும்பாலும் டிரைவரை அதுவே கண்டுபிடித்துப் போட்டுவிடும். டிரைவர் கோப்பு அதிகம் பெரிதல்ல. ஆயினும் அந்த வேளையில் விண்டோஸ் வேறு பெரிய திருத்தங்களையும் இழுக்கத் தொடங்கலாம். எனவே டிரைவர் வந்தவுடன் தொலைபேசியைக் கழற்றிவிடுங்கள்.

சில அடப்டர்கள் டிரைவரைத் தமக்குள்ளேயே சுமந்து வருகின்றன. செருகியதும் கணனியில் புதிதாக ஓர் இறுவட்டு அடையாளம் தோன்றும். அதைத் திறந்து உள்ளேயுள்ள "செட்டப்" கோப்பை இயக்கினால், அது டிரைவரைப் பதித்துவிட்டுத் தானாக வை-ஃபை அடப்டராக மாறிவிடும். கடையில் விற்கும்போது "டிரைவர் ஃப்ரீ" என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். அடிக்கடி தொலைபேசி டேட்டா இல்லாமல் போகும் இடங்களுக்கு இந்த வகை உகந்தது.

எதுவும் நடக்கவில்லையானால், ஸ்டார்ட் பொத்தானில் வலப்பக்கக் கிளிக் செய்து "டிவைஸ் மனேஜர்" என்பதைத் திறவுங்கள். கணனிக்குள் இருக்கும் உறுப்புகளின் இடாப்பு அது. அதில் மஞ்சள் முக்கோண அடையாளத்தோடு ஏதேனும் இருந்தால், கணனி அடப்டரைக் கண்டிருக்கிறது, டிரைவர்தான் இல்லை. மஞ்சள் அடையாளமும் இல்லை, செருகும்போதும் கழற்றும்போதும் அந்த இடாப்பில் அசைவே இல்லை என்றால், துவாரம் பழுது அல்லது அடப்டர் பழுது. வேறு கணனியில் செருகிப் பார்த்துவிட்டு, கடைக்குக் கொண்டு போங்கள். பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

ஆபத்தான ஒரு குறுக்கு வழியையும் சொல்ல வேண்டும். டிரைவர் தேடி இணையத்தில் போனால், "உங்கள் எல்லா டிரைவர்களையும் இலவசமாகச் சரிசெய்கிறோம்" என்று கூவும் மென்பொருட்கள் வரும். அவற்றைத் தொடாதீர்கள். அடப்டர் செய்த கம்பனியின் சொந்தப் பக்கத்திலிருந்து, அடப்டரின் முதுகில் அச்சிட்டிருக்கும் மாதிரி இலக்கத்தைக் கொண்டே தேடுங்கள். அந்த இலக்கத்தோடு "வி 2", "வி 3" என்று சிறிதாக ஒன்று இருக்கும். அதையும் பாருங்கள். ஒரே பெயரில் விற்கும் அடப்டருக்குள் வருடத்துக்கு வருடம் வேறு வேறு சில்லுகள் இருக்கும். ஒன்றின் டிரைவர் மற்றதற்குப் பொருந்தாது.

இணைத்தல்

வை-ஃபை அடையாளத்தைக் கிளிக் செய்தால் சுற்றுப்புறத்துப் பெயர்கள் வரிசையாக வரும். உங்களுடையதைத் தெரிவுசெய்து கடவுச்சொல்லைக் கொடுங்கள். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. பூச்சியமும் "ஓ" எழுத்தும் ஒன்றுபோலத் தெரியும். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல்லை வாசிக்கும்போது பலர் தவறுவது இங்கேதான். இது பொதுக் கணனியோ தனியாரதோ என்று விண்டோஸ் கேட்டால் "பப்ளிக்" என்பதையே தெரிவுசெய்யுங்கள். பக்கத்துக் கணனிகள் நமது கணனிக்குள் எட்டிப் பாராதிருக்க அது உதவும்.

இணைந்துவிட்டது, ஆனால் "நோ இன்டர்நெட்" என்று காட்டுகிறது. அப்போது என்ன செய்வது? வை-ஃபை இணைப்பின் விபரங்களுக்குள் போய் ஐ.பி. இலக்கத்தைப் பாருங்கள். 192.168 என்று தொடங்கினால் ரவுட்டர் நமக்கு ஓர் இலக்கம் தந்திருக்கிறது. கோளாறு பெரும்பாலும் முதல் பயணத்தில், அதாவது கோபுரத்துக்கும் ரவுட்டருக்கும் இடையில், அல்லது டேட்டா முடிந்துவிட்டது. 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் எதுவும் தரவில்லை, கணனி தானே ஓர் இலக்கத்தைக் கற்பனை செய்துகொண்டிருக்கிறது. ரவுட்டரை நிறுத்தி, ஒரு நிமிடம் பொறுத்து மீண்டும் இயக்குங்கள். கணனியில் அந்த வை-ஃபை பெயரை "ஃபொர்கெட்" செய்து, மறுபடியும் கடவுச்சொல் கொடுங்கள்.

பழைய கணனிகளில் மட்டும் வரும் ஒரு விசித்திரம் உண்டு. இணையம் இருக்கிறது, ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் "இது பாதுகாப்பற்றது" என்று எச்சரிக்கை வரும். மூலையிலுள்ள திகதியைப் பாருங்கள். 2009 என்றோ 2015 என்றோ இருக்கும். கணனிக்குள் காசு வடிவிலான சிறு பற்றறி தீர்ந்துபோனதால் அது திகதியை மறந்துவிட்டது. இணையப் பக்கங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குக் காலவரையறை உண்டு. கணனி தவறான வருடத்தில் நின்றால் அவை எல்லாம் செல்லாதவையாகத் தெரியும். திகதியைச் சரிசெய்யுங்கள், வசதிப்பட்டபோது பற்றறியையும் மாற்றுங்கள். இது அதிக விலையுள்ள பொருளல்ல.

ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இணைப்பு அறுந்தால், டிவைஸ் மனேஜரில் அடப்டரின் பண்புகளுக்குள் "பவர் மனேஜ்மென்ட்" என்ற பக்கத்தில், மின்சாரத்தைச் சேமிக்க இதனை நிறுத்தலாம் என்று இருக்கும் அடையாளத்தை எடுத்துவிடுங்கள். கணனி சிக்கனம் பார்க்கப் போய் அடப்டரை உறங்க வைத்துவிடுகிறது.

எங்கே வைப்பது?

தற்காலிகக் கொட்டகைகளிலும் தகரம் அடித்த மண்டபங்களிலும் இதுவே பெரிய கேள்வி. தகரம் வை-ஃபையைத் திருப்பி அடித்துவிடும். கண்ணாடி முன் விளக்கு வைத்தாற்போல. மரப்பலகையும் மெல்லிய செங்கல் சுவரும் வழி விடும். கம்பி போட்ட கொங்கிறீட் சுவர் பெரும்பகுதியைத் தின்றுவிடும். கணனிப் பெட்டியே ஒரு தகரப் பெட்டிதான். அதன் பின்பக்கத்தில், சுவருக்கும் பெட்டிக்கும் இடையே செருகிய அடப்டர், குடத்துக்குள் நின்று பேசுபவரைப் போன்றது. இதற்கு எளிய பரிகாரம், ஒன்று அல்லது இரண்டு மீற்றர் நீளமான யூ.எஸ்.பி. நீட்டிப்பு வயர். அடப்டரை அதன் நுனியில் செருகி, ரவுட்டர் இருக்கும் பக்கத்து யன்னலில் கட்டிவிடுங்கள். ஐந்து மீற்றருக்கு மேல் சாதாரண யூ.எஸ்.பி. வயரை நீட்ட வேண்டாம். இந்த ஒரு வயரால் கிடைக்கும் முன்னேற்றம், அடுத்த விலை அடப்டர் வாங்குவதால் கிடைப்பதைவிட அதிகம் என்பது எனது அனுபவம்.

பின்பக்கத்தில் நீலநிறத் துவாரங்கள் இருந்தால், அவை வேகமான யூ.எஸ்.பி. 3. அவற்றிலிருந்து எழும் மின் இரைச்சல் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையைக் குழப்பும் என்று இன்ரெல் கம்பனியே 2012 இல் அறிக்கை வெளியிட்டது. 2.4 அடப்டரைக் கறுப்புத் துவாரத்தில் செருகுவதும், நீலத் துவாரத்தில் உள்ள பென் டிரைவைச் சற்றுத் தள்ளி வைப்பதும் நல்லது.

அண்மையில் ஒரு பெரியவர் கேட்டார்: "தம்பி, பக்கத்து மண்டபத்து வை-ஃபை வெயில் நேரத்தில வருது, மழை பெஞ்சா வரமாட்டேங்குதே, ஏன்?" "மாமா, மழைத்துளி அவ்வளவு கெடுக்காது. நடுவில நிக்கிற பலாமரந்தான் கெடுக்குது" என்றேன். உண்மை அதுவே. இவ்வளவு குறுகிய தூரத்தில் மழை பெரிய தடையல்ல. ஆனால் நனைந்த இலைகள் அலையை உறிஞ்சிக்கொள்ளும். மரத்தை வெட்டச் சொல்லவில்லை. அடப்டரை இரண்டு யன்னல் தள்ளிக் கட்டியதும் சரியாயிற்று.

தூரம் இன்னும் அதிகமென்றால் சாதாரண அடப்டர் போதாது. திசை பார்த்து நிறுத்தும் அன்டெனாக்கள் தேவை. அது முடியாத காரியமல்ல. நேபாளத்து நாங்கி மலைக்கிராமத்தில் மகாபீர் புன் என்ற ஆசிரியர், 2002 அளவில், மலை முகட்டில் மரத்தில் அன்டெனா கட்டி, வெகு தொலைவிலுள்ள பொக்காறா நகரத்திலிருந்து வை-ஃபை மூலம் இணையத்தைக் கொண்டுவந்தார். அப்பணிக்காக 2007 இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. தமிழ்நாட்டின் தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் துணையோடு, கிராமத்து நோயாளர் நகரத்து மருத்துவரைத் திரையில் காண்பதற்கு இதே வை-ஃபையைப் பல கிலோமீற்றர் நீட்டியது. நமது நாட்டிலும் அனுராதபுர மாவட்டத்து மஹவிலச்சிய என்னும் விவசாயக் கிராமத்தில் வீடுகளைக் கம்பியில்லாமல் இணைத்தார்கள். இவையெல்லாவற்றுக்கும் முன்பே, 1990களின் இறுதியில், கொத்மலை சமூக வானொலி யுனெஸ்கோவின் உதவியுடன் இன்னொரு வழி கண்டது. நேயர் கேள்வி அனுப்புவார், அறிவிப்பாளர் இணையத்தில் தேடி வானொலியில் விடை சொல்வார். மகாவலித் திட்டத்தால் இடம்பெயர்ந்த மக்கள் மத்தியில் தோன்றிய வானொலி அது. கணனி ஒன்றே ஆனாலும் கேட்டவர் பலர். நமது மண்டபத்துக் கணனியையும் அவ்வாறு பாவிக்கலாம்: ஒருவர் அமர்ந்து பார்த்து, கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் சொல்லலாம்.

டேட்டாவும் இரகசியமும்

இணைந்த அன்றே செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. அந்த வை-ஃபை பெயரின் பண்புகளுக்குள் "மீற்றர்ட் கனெக்ஷன்" என்று இருப்பதை இயக்குங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் தனது பெரிய திருத்தங்களைச் சொல்லாமல் கொள்ளாமல் இறக்கத் தொடங்கும். மாத டேட்டா இரண்டு இரவில் தீர்ந்த கதைகள் உண்டு. ஆனால் இதை நிரந்தரமாக விட்டுவிடவும் கூடாது. மாதத்தில் ஒருநாள், இரவு நேர டேட்டா மலிவாகக் கிடைக்கும் வேளையில், இயக்கத்தை எடுத்துவிட்டுப் பாதுகாப்புத் திருத்தங்களைப் போடுங்கள்.

ரவுட்டரில் "டபிள்யூ.பி.ஏ. 2" அல்லது "3" பூட்டு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கடவுச்சொல்லே இல்லாமல் திறந்துவிடுவது தர்மமாகத் தோன்றும். ஆனால் அந்த இணைப்பில் யாராவது செய்யும் குற்றத்துக்கு ரவுட்டரின் சொந்தக்காரரே முதலில் பதில் சொல்ல வேண்டி வரும்.

இடம்பெயர்ந்தவர்களின் கையில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் சில தாள்கள்தான்: அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், காணிப் பத்திரம். அவற்றைப் பொதுக் கணனியில் படம் பிடித்து அனுப்பிவிட்டு அப்படியே விட்டுச் செல்வதை நான் கண்டிருக்கிறேன். டெஸ்க்டொப்பில் பதினைந்து குடும்பங்களின் அடையாள அட்டைகள் கிடந்தன! அனுப்பி முடிந்ததும் கோப்பை அழியுங்கள், குப்பைத் தொட்டி அடையாளத்தையும் வெறுமையாக்குங்கள், மின்னஞ்சலிலிருந்து "சைன் அவுட்" செய்யுங்கள். கடவுச்சொல்லை ஞாபகம் வைக்கட்டுமா என்று கணனி கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

எச்சரிக்கை பார்ப்பதற்கு

மழைக்காலத்தில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மண்சரிவு எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாயிருத்தல், செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தமாதல், சிவப்பு என்றால் வெளியேறுதல். கணனி கிடைத்தவுடன் அந்தப் பக்கத்தைக் குறித்து வையுங்கள். ஆனால் கணனியை மட்டும் நம்பியிருக்காதீர்கள். டித்வாவின்போது மின்சாரமும் தொலைபேசியும் பல இடங்களில் ஒரே இரவில் நின்றுபோயின. மின்சாரம் போனால் ரவுட்டரும் போகும், அடப்டரும் போகும். பற்றறியில் ஓடும் வானொலி ஒன்றும், சரிவின் மேல் வெடிப்பு விழுகிறதா என்று போய்ப் பார்த்துவரும் ஓர் ஆளும் அப்போதும் தேவை.

மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமின்னல் அதிகம். முதல் முழக்கம் கேட்டதும் கணனியின் பிளக்கையும் ரவுட்டரின் பிளக்கையும் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. தொலைபேசிக் கம்பியில் வரும் இணையமானால் அந்தக் கம்பியையும் ரவுட்டரிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, ஒரு தாளில் அடப்டரின் மாதிரி இலக்கம், டிரைவர் கோப்பு எந்தப் பென் டிரைவில் இருக்கிறது, டேட்டா புதுப்பிக்கும் திகதி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கம் ஆகியவற்றை எழுதி, கணனிக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள். கடவுச்சொல்லை அதில் எழுத வேண்டாம். அதை மண்டபத்துச் சாவியை வைத்திருப்பவரிடம் கொடுத்து வையுங்கள்.